அம்மாவின் இருமல்

எங்கள் தெருவில் விடியலை அறிவிப்பது சேவல் அன்று. என் அம்மாவின் இருமல்தான். காலை நான்கரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். வாணலியில் எண்ணெய் காயும். கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப் போட்டதும் தொடங்கும். "உங்கம்மா இருமினால் நான் எழுந்துவிடுவேன். எனக்குக் கடிகாரமே வேண்டாம்" என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. சிரிப்பு, ஊதுவத்திப் புகை, குளிர்ந்த காற்று, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது, இவற்றில் எது ஒன்றும் போதும்.

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போயிற்று. அதோடு வந்த வறட்டு இருமல் மட்டும் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிட்டது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். இருமலும் என்னோடு கூடவே வளர்ந்து வந்திருக்கிறது.

அப்பா காலமான பிறகு எடுப்புச் சாப்பாடுதான் எங்கள் பிழைப்பு. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் என்று 14 பேருக்குக் கேரியரில் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. 2020இல் கொரோனா வந்தது. இருமல் என்ற ஓசைக்கே ஊர் நடுங்கிய காலம் அது. அம்மாவுக்குச் சோதனை செய்து, நோய் இல்லை என்று தாளும் வாங்கி வந்தோம். ஆனால் தெருவில் போகிறவர்களிடம் தாளையா நீட்ட முடியும்? ஒவ்வொருவராக நின்றார்கள். "ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள், இனி வீட்டுச் சாப்பாடுதான்" என்று பணிவாகச் சொல்லிப் போனார் ஒருவர். மறுவாரம் அவருடைய கேரியர் வேறொரு வீட்டுப் பையனின் சைக்கிளில் தொங்கிக்கொண்டு போவதைக் கண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் கண்டிருப்பாள், என்னிடம் சொல்லவில்லை. 14 கேரியர் 5 ஆயிற்று.

மருந்து பார்க்காமல் இருந்தோமா? சுக்கு, மிளகு, திப்பிலி; துளசியும் கற்பூரவல்லியும் சேர்த்த கஷாயம்; வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரம், சித்தரத்தை; இரவில் பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்ட பால். தெருவில் எத்தனை வீடோ அத்தனை வைத்தியம். எல்லாம் தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தன. ஒரு நாழிகை கழித்து இருமல் திரும்பிவிடும்.

பிறகு ஆங்கில வைத்தியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் காசநோய்க்குச் சளிச் சோதனை செய்வது நம் நாட்டு வழக்கம். நியாயமான வழக்கம்தான். சளிச் சோதனையில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இரத்தக் கொதிப்புக்குத் தரும் மாத்திரைகளில் எனலாப்ரில் போன்ற ஒரு வகைக்கு வறட்டு இருமலை உண்டாக்கும் குணம் உண்டு என்று சொல்லி, ஒரு மருத்துவர் அம்மாவின் மாத்திரையை மாற்றினார். இருமல் மாறவில்லை. மறைந்திருக்கும் ஆஸ்துமாவோ என்று இன்ஹேலர். வயிற்றுப் புளிப்பு மேலேறுகிறதோ என்று காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. மூக்கிலிருந்து சளி தொண்டைக்குள் இறங்குகிறதோ என்று இன்னொன்று. இவை வீண் முயற்சிகள் அல்ல. 1980களில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு இர்வின் முதலியோர், நெடுநாள் இருமலுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றே காரணம் என்று காட்டியதிலிருந்து உலகமெங்கும் மருத்துவர்கள் போகும் ராஜபாட்டை அது. பலருக்கு அந்தப் பாதையிலேயே குணம் கிடைத்துவிடும். என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு மருத்துவர் தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா. மனசுதான் காரணம். கவலைப்படாமல் இருங்கள்" என்றார். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்காம். நான்தான் நல்லா இல்லை."

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் துறையின் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். "இருமல் நோயின் அடையாளம் என்று எல்லாரும் தேடுகிறார்கள். இருமலே நோயாக இருந்தால்?" பிறகு நூலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கும், துறையில் இருந்த கணிப்பொறியிலும் நான் படித்துத் தெரிந்துகொண்டதை என்னைப் போன்ற மாணவ நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

இருமல் உண்மையில் ஒரு காவல் நாய். மூச்சுக் குழலுக்குள் சோற்றுப் பருக்கையோ தூசியோ புகப் பார்த்தால், வேகஸ் நரம்பின் நுனிகள் அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. குரல்வளை ஒரு கணம் மூடி, நெஞ்சில் அழுத்தம் கூடி, பின் படீரென்று திறக்கிறது. உள்ளே வந்தது வெளியே போகிறது. அந்த நாய் இல்லாவிட்டால் நாம் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக உண்ண முடியாது. ஆனால் சிலருக்கு, ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ வேறு காரணத்தாலோ, அந்த நரம்பு அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. திருடனுக்குக் குரைக்க வேண்டிய நாய் இலை அசைந்தாலும் குரைக்கத் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு எட்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை நாட்பட்ட இருமல் என்கிறார்கள். பல நாட்டு இருமல் மருத்துவமனைகளில் பதிவான பத்தாயிரம் பேரை 2014இல் ஆராய்ந்தபோது அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அறுபதைத் தொட்டவர்களே மிகுதி. இதைப் படித்த அன்றுதான், பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் என் அம்மாவும் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் விட்டு விலகி உட்கார மாட்டார்கள் அல்லவா?

அப்படியானால் நாயை அடக்க மருந்து இல்லையா? பழைய மருந்துகள் நாயை அல்ல, வீட்டையே தூங்க வைத்தன. அபினிலிருந்து 1832இல் கோடீன் பிரித்தெடுக்கப்பட்டது. 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமலுக்கென்று ஒரு புதிய மருந்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் ஹெராயின்! பின்னாளில் அது என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1950களில் போதை குறைந்த டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் வந்தது. இன்றும் பல இருமல் சிரப்புகளில் அதுதான் இருக்கிறது. நம் வேலியோரத்து ஆடாதோடைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான் சளியை இளக்கும் பிரோம்ஹெக்சின் என்ற மருந்து 1960களில் உருவாயிற்று. ஆனால் அது சளியுள்ள இருமலுக்கு உதவுவது. சளியே இல்லாமல் நரம்பு குரைக்கும் இருமலுக்கு அதனால் என்ன பயன்?

மிளகாய்தானே அம்மாவை இருமச் செய்கிறது, மிளகாய்க் காரத்தை உணரும் வாயிலை அடைத்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எனக்கு முன்பே விஞ்ஞானிகளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஏற்பியை டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டறிந்தார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை அடைக்கும் ஒரு மருந்தை நாட்பட்ட இருமல்காரர்களுக்குக் கொடுத்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக் கூடத்தில் மிளகாய்ச் சத்தை முகர்ந்தபோது இருமல் குறைந்தது. வீட்டுக்குப் போனதும் அன்றாட இருமல் குறையவில்லை! தாளிப்பு ஒரு சாக்குத்தான். நாய் வேறு ஏதோ வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று.

அந்த வாசலைக் காட்டியது நாம் எல்லாரும் முதலாண்டிலேயே படித்த ஒரு பொருள். ஏ.டி.பி.யை உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதே ஏ.டி.பி. நரம்புகளுக்கிடையே செய்தி சொல்லும் தூதனாகவும் இருக்கிறது என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. நாணயம் போய்த் தூது சொல்லுமா என்று கேட்டார்கள். அவர் விடவில்லை. 1995இல் அந்தத் தூதை வாங்கும் பி2எக்ஸ்3 என்ற ஏற்பி உணர்ச்சி நரம்புகளில் இருப்பது தெரிய வந்தது. மூச்சுக் குழலின் உட்சுவர் புண்படும்போது உயிரணுக்களிலிருந்து ஏ.டி.பி. கசிகிறது. அது பக்கத்து நரம்பு நுனியிலுள்ள இந்த ஏற்பியைத் தட்டுகிறது. நாய் குரைக்கிறது.

இந்த ஏற்பியை அடைக்கும் ஒரு மருந்தை முதலில் வலிக்காகவே உருவாக்கினார்கள். பின்னர் அதை இருமலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 24 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2015இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை உண்ட நாட்களோடு ஒப்பிட, பகல் இருமல் நூற்றுக்கு 75 பங்கு குறைந்திருந்தது. படித்தபோது நான் நூலகத்தில் இருப்பதை மறந்து கையைத் தட்டிவிட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த வரி என் கையைக் கட்டிவிட்டது. மருந்து உண்ட அத்தனை பேருக்கும் நாக்கின் சுவை கெட்டுப்போயிற்று. ஆறு பேர் அதைத் தாங்க மாட்டாமல் பாதியிலேயே விலகினார்கள். காரணம் எளியது. சுவை மொட்டுகளும் தங்கள் செய்தியை ஏ.டி.பி. மூலமாகவே நரம்புக்குச் சொல்கின்றன. தொண்டையின் கதவைப் பூட்டப் போய் நாக்கின் கதவும் பூட்டிக்கொண்டது.

அன்று இரவு அம்மா மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். படித்ததையெல்லாம் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். 75 பங்கு என்றதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். சுவையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள்.

"நல்ல மருந்துடி! உப்புப் பார்க்கத் தெரியாம நான் என்னத்தைச் சமைக்கிறது? மிச்சம் இருக்கிற அஞ்சு கேரியரும் போயிடும்."

நான் பேசாமல் இருந்தேன். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, இருட்டில் அவள் குரல் கேட்டது.

"அந்த மருந்து சாப்பிட்டா ராத்திரி தூக்கம் வருமா?"

"வரலாம் அம்மா."

"உனக்கு உப்புப் பார்க்கத் தெரியும் இல்ல?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே விடை வரவில்லை. அன்றுதான் இன்னொன்றும் சொன்னாள். அவள் இரண்டு ஆண்டுகளாகப் பேருந்தில் ஏறுவதில்லை. இருமல் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் விலகுவார்கள் என்பதற்காக என்றே நான் நினைத்திருந்தேன். பெரிய இருமல் வந்தால் புடவை நனைந்துவிடுகிறது என்பதுதான் காரணம். நாட்பட்ட இருமல் உள்ள பெண்களில் பலருக்கும் இந்தத் துன்பம் உண்டென்று நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனால் என் வீட்டில் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருப்பதை வீட்டில் காணாத படிப்பு என்ன படிப்பு?

அந்த மருந்தின் கதையை முடித்துவிடுகிறேன். கெஃபாபிக்சன்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுவை அதிகம் கெடாதிருக்க அளவைக் குறைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு பெரிய சோதனைகள் நடத்தி 2022இல் வெளியிட்டார்கள். மருந்து உண்டவர்களுக்கு இருமல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது! ஒப்பிட்டால் மருந்தின் சொந்தப் பங்கு ஒரு சோதனையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18, மற்றொன்றில் 15. மருந்து உண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்போதும் சுவை மாறியது. ஜப்பான் 2022இலும், ஐரோப்பா 2023இலும் அதற்கு அனுமதி தந்தன. அமெரிக்காவில் 2023 நவம்பரில் கூடிய வல்லுநர் குழுவில் 12 பேர், நோயாளி உணரும்படியான நன்மை மெய்ப்பிக்கப்படவில்லை என்றார்கள். ஒருவர் மட்டுமே ஆம் என்றார். டிசம்பரில் அந்நாட்டு அரசு இரண்டாம் முறையாக அனுமதி மறுத்தது. இதற்கிடையே, நாக்கை விட்டுவிட்டுத் தொண்டையின் ஏற்பியை மட்டும் அடைக்கும் கேம்லிபிக்சன்ட் என்ற அடுத்த மருந்தைப் பெரிய அளவில் சோதிக்கப் புகுந்தார்கள். அதன் முந்தைய சோதனையில் சுவை கெட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு.

வெற்று மாத்திரைக்கு இருமல் எப்படிக் குறையும்? எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, படிப்பதுபோல் உட்கார்ந்து அம்மாவின் இருமலை எண்ணினேன். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கோடு, குறுக்கே ஒன்று. ஒரு மணி நேரத்தில் 47. மறுநாள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "எண்ணுறியா? எண்ணு" என்றாள். அன்று 19தான். அவள் ஏமாற்றவில்லை. தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்ற நினைவே இருமலைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் நோயாளியின் சொல்லை மட்டும் நம்பாமல், மார்பில் ஒலிவாங்கி பொருத்தி, 24 மணி நேரமும் பதிவு செய்து ஒவ்வோர் இருமலாக எண்ணுகிறார்கள். ஆனால் அந்த 19 எனக்கு வேறொன்றையும் சொல்லிற்று. மனசுதான் காரணம் என்று சொன்ன மருத்துவர் சொன்னது பாதிதான். நரம்பு கூர்மையானது மெய். அந்த நரம்பின் கடிவாளத்தில் ஒரு முனை மூளையின் கையிலும் இருக்கிறது என்பதும் மெய். மூளையின் கையில் இருப்பதெல்லாம் பொய் நோய் ஆகிவிடாது.

அந்த முனையைப் பிடிக்கும் ஒரு சிகிச்சையும் உண்டு. அதற்கு மாத்திரையே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள், மருந்துக்கு அடங்காத இருமலுள்ள 87 பேரிடம் நடத்திய சோதனை 2006இல் வெளிவந்தது. இருமலை அடக்கும் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 88 பேருக்குக் குணம் தெரிந்தது. பொதுவான உடல்நல அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 14 பேருக்கே தெரிந்தது. தொண்டையில் அரிப்பு எழும்போதே எச்சிலையோ ஒரு வாய்த் தண்ணீரையோ விழுங்குவது. உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவது. வாயால் மூச்சு வாங்காமல் மூக்கால் வாங்குவது. தொண்டையைக் கனைக்காமல் இருப்பது. இவ்வளவுதான். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, காது மூக்குத் தொண்டைப் பிரிவிலிருந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் அம்மாவை அழைத்துப் போனேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இருக்கிறது உண்மையான நோய்" என்று தொடங்கினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு ஆண்டில் அவள் கேட்ட முதல் மருந்து அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன்.

இருமல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. தாளிக்கும்போது இன்னும் வருகிறது. ஆனால் அடுப்பு மேடையில் ஒரு செம்பில் தண்ணீர் இருக்கிறது. அரிப்பு எழும்போது கரண்டியை வைத்துவிட்டு ஒரு வாய் குடிக்கிறாள். சில நேரம் நாய் படுத்துவிடுகிறது. சில நேரம் படுப்பதில்லை. இரவில் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறாள். கேரியர் ஏழாகியிருக்கிறது. சென்ற தை மாதம், பேருந்தில் ஏறித் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். புதிய மருந்து எங்கள் ஊர்க் கடையில் இல்லை. "வந்தால் வாங்குவாயா அம்மா?" என்று போன வாரம் கேட்டேன். "முதல்ல உன்னை நல்லா உப்புப் பார்க்கப் பழக்கணும், அப்புறம் சொல்றேன்" என்றாள். நாக்கா, தூக்கமா என்பதை எடைபோட்டுச் சொல்லும் உரிமை பன்னிரண்டு வல்லுநர்களுக்கு இருக்கலாம். ஆனால் அடுப்படியில் நிற்பவளுக்கும் ஒரு வாக்கு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை மருந்தாளுநர் ஆகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், ஆசிரியர் ஆகலாம். நரம்பு நுனியில் ஒரு புதிய வாசலையும் கண்டுபிடிக்கலாம். அது முடியாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினால், எழுந்து போய்விடாதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு, கையிலிருக்கும் தண்ணீர்ப் புட்டியை நீட்டுங்கள். அவர் எங்கேயோ ஒரு வீட்டில் அதிகாலை நான்கரைக்கு எழுந்து யாருக்கோ சோறு பொங்கிவிட்டு வந்தவராக இருப்பார்.